தட்டையாக்கம்: வசதியா, இழப்பா?

1

கணினிச் செய்நிரலாக்கத்தைக் கற்கத் தொடங்குவோர் விரைவிலேயே எதிர்கொள்ளும் பயிற்சிகளுள் ஒன்று தட்டையாக்கம் ஆகும். ஒரு பட்டியலுக்குள் இன்னொரு பட்டியல், அதனுள் மற்றொன்று என உட்பொதிந்து கிடக்கும் தரவுகளை எடுத்து, உள்ளடைப்புகள் யாவற்றையும் நீக்கி, உறுப்புகளை ஒரே வரிசையில் நிறுத்துவதே அப்பயிற்சியின் நோக்கம். அதற்குரிய செயற்கூறு பத்து வரிகளுக்கு மேற்படுவதில்லை. விடை சரியாக வந்ததும் மாணவன் அடுத்த பயிற்சிக்குச் சென்றுவிடுகின்றான். ஆசிரியரும் உடன் சென்றுவிடுகின்றார். அப்பத்து வரிகள் எதனைச் செய்தன, எதனை அழித்தன என்னும் வினா வகுப்பறையில் எழுவது அரிது.

அவ்வினா எழாமைக்கு மூன்று கருத்துக்கள் காரணமாக உள்ளன. தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் செயற்கூறு, அதாவது தற்சுழற்சி, கெட்டிக்காரர் காட்டும் வித்தையேயன்றி அவசியமானதன்று என்பது முதலாவது. தட்டையாக்கத்தால் உறுப்பு எதுவும் குறைவதில்லையாதலின் அது தீங்கற்ற வசதியே என்பது இரண்டாவது. இவையெல்லாம் கணினித் துறையாரின் அலுவல். கலைப்பீடத்தாருக்கு இதில் வேலையில்லை என்பது மூன்றாவது. இம்மூன்றும் பிழையானவை. தமிழ் நூல்கள் அச்சிலிருந்து கணினிக்குப் பெயர்ந்துகொண்டிருக்கும் இக்காலத்தில், அப்பிழைகளுக்குத் தமிழாய்வு கொடுக்க நேரும் விலை சிறியதாக இராது. ஆகவே அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து மறுத்தல் அவசியமாகின்றது.

2

முதலிற் தற்சுழற்சியைப் பற்றிய கருத்தை நோக்கலாம். க, (ங, (ச, ஞ)), ட என்று ஒரு பட்டியல் உளதெனக் கொள்க. வெளிப் பட்டியலில் மூன்று உறுப்புகள் உள்ளன. நடுவுறுப்புத் தானும் ஒரு பட்டியல். அதன் இரண்டாம் உறுப்பும் ஒரு பட்டியல். இதனைத் தட்டையாக்கினால் க, ங, ச, ஞ, ட என்னும் ஐந்துறுப்பு வரிசை கிடைக்கும்.

ஒரே கட்டளைத் தொகுதியைத் திரும்பத் திரும்பச் செய்விக்கும் மடக்கினால் இதனைச் செய்யலாமே என்பர். ஒரு மடக்கு வெளிப் பட்டியலின் உறுப்புகளைத் தொடும். மடக்கினுள் மடக்கு இரண்டாம் நிலையைத் தொடும். மூன்றாம் நிலைக்கு மூன்றாவது மடக்கு வேண்டும். தரவு எத்தனை நிலை ஆழமுடையது என்பது முன்கூட்டியே தெரிந்தாலன்றி இவ்வழி பயன்படாது. உலகிற் காணப்படும் தரவுகளோ ஆழத்தை முன்னறிவித்துக்கொண்டு வருவனவல்ல. தற்சுழற்சி இச்சிக்கலை இரண்டே விதிகளால் தீர்க்கின்றது:

(அ) கையிலுள்ளது தனியுறுப்பாயின் அதனை விடையின் இறுதியிற் சேர்க்க.

(ஆ) கையிலுள்ளது பட்டியலாயின், அதன் உறுப்புகள் ஒவ்வொன்றையும் முறையே கையிலெடுத்து, இதே இரு விதிகளையும் முதலிலிருந்து செய்க.

இரண்டாம் விதி தன்னையே மீண்டும் சுட்டுகின்றது. இதனைக் கண்டு மருளுவோர், பட்டியல் என்பதற்குரிய வரைவிலக்கணத்தைச் சற்றே எண்ணிப் பார்த்தல் நன்று. பட்டியல் என்பது உறுப்புகளின் வரிசை. உறுப்பு என்பது தனிப்பொருளாகவோ பட்டியலாகவோ இருக்கும். வரைவிலக்கணமே தன்னைச் சுட்டிக்கொண்டிருக்கும்போது செயற்கூறு தன்னைச் சுட்டுவதில் வியப்பென்ன? பொருளின் வடிவத்தைச் செய்முறை பின்பற்றுகின்றது, அவ்வளவே. இதில் வித்தை எதுவும் இல்லை. ஆழம் தெரியாத பொருளுக்கு மடக்கின்மேல் மடக்காக எழுதிச் செல்வதே வித்தை காட்ட முயலும் வீண்முயற்சியாகும்.

இலக்கணம் பயின்றோருக்கு இது புதியதொரு செய்தியாகவும் இருத்தலாகாது. நேற்று வந்த மாணவன் கொண்டுவந்த நூலினுள் இருந்த ஏடு என்னும் தொடரில் ஒரு பெயரெச்சத் தொடர் மற்றொன்றனுள் அடங்கி நிற்கின்றது. அதனைக் கேட்போர் எவரும் இடர்ப்படுவதில்லை. தொடருக்குள் தொடர் அமையும் என்னும் விதியைத் தமிழ் பேசும் குழந்தை பள்ளிக்குச் செல்லுமுன்னரே கையாள்கின்றது. அதே விதி கணினித் திரையில் தோன்றியவுடன் அது கலைமாணவரின் அறிவுக்கு எட்டாதது எனக் கூறுவது எவ்வகையிற் பொருந்தும்?

இவ்வச்சத்துக்கு ஒரு வரலாறுண்டு. 1957இல் வெளிவந்த போர்ட்ரான் மொழி எண்கணக்குகளுக்காக ஆக்கப்பட்டது. தற்சுழற்சி அம்மொழியின் தரத்தில் இடம்பெறுவதற்கு போர்ட்ரான் 90 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆனால் 1958இலேயே ஜோன் மக்கார்தி மாசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் லிஸ்ப் மொழியை வகுக்கத் தொடங்கினார். 1960இல் வெளிவந்த அவரது கட்டுரையில் உட்பொதிந்த பட்டியலும் தன்னைத் தானே அழைக்கும் செயற்கூறும் ஒருங்கே அடித்தளமாக அமைந்தன. அவ்வாண்டிலேயே அல்கோல் 60 மொழியும் தற்சுழற்சிக்கு இடங்கொடுத்தது. அது வேண்டுமா என்பதில் அன்று கருத்து வேறுபாடு நிலவியதும் உண்மையே. எனினும் அதனை நடைமுறைப்படுத்தும் வழியை எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1960இல் தெளிவாக எழுதிக் காட்டினார். ஒரு வேலையை இடைநிறுத்தி இன்னொன்றுக்குள் நுழையும்போது, விட்ட இடத்தைக் குறித்து ஓர் அடுக்கின்மேல் வைத்துவிடுதல். உள்வேலை முடிந்ததும் மேலிருக்கும் குறிப்பை எடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்தல் என்பதே அவ்வழி. அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே தீர்ந்துபோன ஐயத்தை இன்றும் பாடவிதானத்தின் பெயரால் உயிர்ப்பித்துக்கொண்டிருப்பது வேடிக்கையாகும்.

எதிர்த்தரப்பாரிடம் ஒரு நியாயமான வாதமும் உண்டு. அவ்வடுக்கு எல்லையற்றதன்று, பைதன் மொழியில், வேறுவிதமாக அமைக்கப்படாதவிடத்து, அழைப்புகளின் ஆழம் 1000 என்னும் அளவில் நிறுத்தப்படுகின்றது. இதனை மறுப்பதற்கில்லை. எனினும் ஆயிரம் நிலை ஆழமுடைய தரவு நேருமாயின் அடுக்கைச் செய்நிரலாளரே கையால் அமைத்து மடக்கினால் இயக்கலாம். அவ்வாறு செய்பவர் தற்சுழற்சியை விலக்கவில்லை. இயந்திரம் மறைவில் செய்ததைத் தாம் வெளிப்படையாகச் செய்கின்றார். முன்னதை அறியாதவர் பின்னதைச் செம்மையாகச் செய்தல் அரிது.

3

இரண்டாவது கருத்தே பெரிதும் கண்டிக்கத்தக்கது. உறுப்புகள் யாவும் உள்ளன, வரிசையும் மாறவில்லை. ஆகவே இழப்பில்லை என்கின்றனர். இழந்தது உறுப்பன்று, உறுப்புகளுக்கிடையிலான உறவு. எது எதனுள் அடங்கியது, எது எதனோடு சேர்ந்தது என்னும் செய்தி முழுவதும் அடைப்புகளில்தான் இருந்தது. தட்டையாக்கம் நீக்கியது அவ்வடைப்புகளையே.

இழப்பின் அளவைக் கணக்கிட்டும் காட்டலாம். மூன்று உறுப்புகள் ஒரே வரிசையில் நிற்கின்றன. உட்பட்டியல் எதிலும் குறைந்தது இரண்டு உறுப்புகளாவது இருக்கவேண்டும் எனக் கொண்டால், அவ்வரிசை மூன்று வெவ்வேறு அமைப்புகளிலிருந்து வந்திருக்கலாம். நான்கு உறுப்புகளாயின் 11 அமைப்புகள். மேலே காட்டிய ஐந்துறுப்பு வரிசைக்கு 45 அமைப்புகள். பத்து உறுப்புகளாயின் 103,049. இப்பத்தாம் எண்ணுக்குச் சுவையான கதையொன்றுண்டு. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வானியலறிஞர் ஹிப்பார்க்கஸ், பத்து எளிய கூற்றுக்களை இணைக்கும் வகைகளின் தொகையாக இதனைக் கூறினார் என்று புளூட்டார்க் எழுதிவைத்தார். அதன் பொருள் நெடுங்காலம் விளங்காதிருந்தது. ஜேர்மானியக் கணிதவறிஞர் ஷ்ரோடர் 1870இல் அடைப்பிடும் வகைகளைக் கணக்கிட்டார். அவரது எண்வரிசையில் அதே எண் நிற்பதை 1994இலே டேவிட் ஹஃப் என்னும் மாணவர் கவனித்தபோதுதான் புதிர் அவிழ்ந்தது.

இதன் கருத்து யாது? பத்து உறுப்புகள் கொண்ட தட்டை வரிசை ஒன்றை ஒருவரிடம் கொடுத்து இது முன்னர் எவ்வாறு இருந்தது எனக் கேட்டால், ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட விடைகளுள் எது சரியென்று அவரால் கூற இயலாது. எந்தக் கணினியாலும் இயலாது. தட்டையாக்கும் செயற்கூறு பத்து வரி. அதன் மறுதலைச் செயற்கூறு இல்லவே இல்லை. திரும்பிவர வழியில்லாத செயலைத் தீங்கற்ற வசதி என்று கூறுவதெங்ஙனம்?

மொழியிலிருந்தே சான்று காட்டலாம். பழைய நூல் நிலையம் என்னும் மூன்று சொற்களை எடுத்துக்கொள்க. பழைய நூல்களுக்கான நிலையமா, பழையதாகிய நூல்நிலையமா? சொற்கள் ஒன்றே, வரிசையும் ஒன்றே, அடைப்பு வேறானதால் பொருள் வேறாயிற்று. அடைப்பே பொருள் என்னுமிடத்தில் அடைப்பை நீக்கியவர் பொருளை நீக்கியவரேயாவர்.

வெற்றுப் பட்டியலின் கதி இன்னும் இரங்கத்தக்கது. உறுப்பெதுவும் இல்லாத பட்டியலைத் தட்டையாக்கினால் அது இருந்த சுவடே தெரியாது மறைந்துவிடும். ஐங்குறுநூற்றில் 129, 130 ஆகிய பாடல்களும் புறநானூற்றில் 267, 268 ஆகியவையும் இன்று கிடைத்தில. பதிப்புகள் அவ்வெண்களை வெறுமையாக விட்டு, இழப்பை இழப்பாகவே காட்டுகின்றன. அவ்விடங்களை வெற்றுப் பட்டியல்களாகக் கொண்ட கோப்பொன்றைத் தட்டையாக்கினால், 128ஆம் பாடலை அடுத்து 131ஆம் பாடல் ஒட்டிக்கொள்ளும். இல்லாமற் போனது என்பதும் ஒரு செய்தி. அச்செய்தியும் அங்கே இல்லாமற் போகின்றது.

எதிர்த்தரப்பார் பைதன் மொழியின் நெறிகளை மேற்கோளாகக் கொள்வதுண்டு. 1999இல் ரிம் பீற்றர்ஸ் தொகுத்த அந்நெறிகளுள், உட்பொதிவைக் காட்டிலும் தட்டையானதே விரும்பத்தக்கது என்னும் கருத்துடையதும் ஒன்று. ஆனால் அது செய்நிரலை எழுதுவோர் தம் ஆக்கத்தை அமைத்துக்கொள்வதற்கான அறிவுரை. பிறர் ஆக்கிய நூலின் அமைப்பைக் குலைப்பதற்கு அளிக்கப்பட்ட உரிமைப் பத்திரமன்று. ஜாவாஸ்கிரிப்ற் மொழியின் 2019ஆம் ஆண்டுத் தரத்தில் தட்டையாக்கும் செயற்கூறு சேர்க்கப்பட்டது. அது, வேறு கட்டளை இல்லாதவிடத்து, ஒரே ஒரு நிலையை மட்டும் நீக்குகின்றது. எத்தனை நிலை நீக்கவேண்டும் என்பதை ஆழத்தின் அளவாகக் கேட்பவரே கூறவேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தட்டையாக்குதல் அங்கே இயல்புநிலையாக அமையவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

4

தட்டையாக்கம் எப்போதும் கேடு என்பது வாதமன்று. அமைப்புச் சீரானதாயின் அதனை எண்ணைக்கொண்டே மீட்டுவிடலாம். திருக்குறளில் 133 அதிகாரங்கள்; ஒவ்வொன்றிலும் பத்துக் குறள்கள். 631ஆம் குறள் என்றவுடன் அது 64ஆம் அதிகாரமாகிய அமைச்சின் முதற் குறள் எனக் கணக்கிட முடிகின்றது. ஐங்குறுநூறும் அத்தகையதே. 237ஆம் பாடல் மூன்றாவது நூறாகிய குறிஞ்சியில், நான்காம் பத்தில், ஏழாவது பாடல். இங்கே எண் என்பது மடித்துவைத்த அடைப்பு. ஆயினும் குறளிலே கூட அதிகாரத்துக்கு மேலுள்ள இயற் பகுப்பை இவ்வாறு மீட்க முடியாது. இயல்கள் சமமானவையல்ல, அவற்றை வகுப்பதில் உரைகாரரும் ஒருமித்தவரல்லர்.

சீரற்ற உட்பொதிவுக்குத் தமிழிலுள்ள தலைசிறந்த சான்று உரை நூல்களேயாம். தொல்காப்பிய உரையொன்றை எடுத்துக்கொள்க. அதிகாரத்தினுள் இயல், இயலினுள் நூற்பா, நூற்பாவின் கீழ் உரை, உரையினுள் விளக்கம், விளக்கத்தினுள் எடுத்துக்காட்டாகப் பிறிதொரு நூலின் செய்யுள், அச்செய்யுளைப் பற்றி மீண்டும் உரைகாரரின் குறிப்பு. ஒரு நூற்பாவுக்கு ஒரு வரி உரை. இன்னொன்றுக்குப் பல பக்கம். ஆழமும் நிலையானதன்று, நீளமும் நிலையானதன்று. தற்சுழற்சி எதற்காக வகுக்கப்பட்டதோ அதே வகைத் தரவு இது.

இதனை அடைப்பின்றி ஒரே வரிசையாக்கினால் யாது நிகழும்? தொல்காப்பியரின் சொல்லும், அவருக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்ட நச்சினார்க்கினியரின் சொல்லும், அவர் எடுத்தாண்ட சங்கப் புலவரின் சொல்லும் ஒரே நிரலில் நிற்கும். ஒரு சொல் முதன்முதல் எக்காலத்தில் வழங்கிற்று என ஆராயும் மாணவர் அக்கோப்பிலே தேடினால், உரைகாரர் காலத்துச் சொல் தொல்காப்பியர் காலத்துச் சொல்லாக எண்ணப்படும். மொழி வரலாறு, சமூக வரலாறு ஆகிய இரண்டும் அவ்வெண்ணிக்கையின்மேல் எழுப்பப்படுமாயின் அக்கட்டடத்தின் உறுதி எத்தகையது? பெருந்தொகையான பனுவல்களை உட்கொண்டு பயிலும் இன்றைய மொழி மாதிரிகளுக்கும் இதுவே பொருந்தும். யார் கூற்று எதுவென்று குறிக்கப்படாத பனுவலை ஊட்டினால், யார் கூற்று எதுவென்று அறியாத விடையே வரும்.

இது வெறுங் கற்பனையச்சமன்று. தமிழ்ப் பதிப்பு வரலாறு இதனை ஏற்கெனவே கண்டுள்ளது. பழைய ஓலைச்சுவடிகள் பெரும்பாலும் தட்டையானவை. செய்யுள் அடி பிரிக்கப்படாது தொடர்ந்து எழுதப்பட்டது. மெய்யெழுத்துப் புள்ளி பெறாதிருப்பது பெருவழக்கு. மூலம் எங்கே முடிகின்றது, உரை எங்கே தொடங்குகின்றது, உரையினுள் மேற்கோள் எதுவரை என்பவற்றைப் பதிப்பாசிரியரே கண்டறிய வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியருரையுடனும், 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் வெளியிட்டார். இவர்களது உழைப்பின் பெரும்பகுதி எதிலே கழிந்தது? அடைப்புகள் அழிந்துபோன வரிசையிலிருந்து அடைப்புகளை மீட்பதிலேதான். எந்தச் செயற்கூறாலும் செய்யவியலாத மறுதலைக் காரியத்தைப் புலமையினாலும் பல சுவடிகளின் ஒப்பீட்டினாலும் அவர்கள் செய்தனர்.

அத்தகையோருக்கும் அது எளிதாக அமையவில்லை. 1885ஆம் ஆண்டுப் பதிப்பில் பொருளதிகாரம் முழுவதற்கும் உரை நச்சினார்க்கினியருடையதென்றே அச்சிடப்பட்டது. அதன் இறுதிப் பகுதியாக அங்கே அமைந்த உரை பேராசிரியருடையது என்பது பின்னரே அறிஞரால் நிறுவப்பட்டது. ஓருரை முடிந்து மற்றோருரை தொடங்கும் எல்லை தெளிவாக இல்லாதபோது, முன்னோடியாகிய பெரும் பதிப்பாசிரியருக்கே அவ்வெல்லை புலப்படவில்லை. இதனால் அவர் பெருமை குறையாது. எல்லையொன்று அழிந்தால் அதனை மீட்பது எத்துணை அரிது என்பதே இதனாற் பெறப்படும்.

இன்னுமொன்று. தகடூர் யாத்திரை என்னும் நூல் முழுமையாக இன்றில்லை. நச்சினார்க்கினியர் உரையிலும் புறத்திரட்டு என்னும் தொகை நூலிலும் எடுத்தாளப்பட்ட செய்யுள்கள் வழியாகவே அது அறியப்படுகின்றது. வளையாபதி, குண்டலகேசி ஆகிய காப்பியங்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. பிறர் நூல்களில் எஞ்சிய செய்யுள்களாகவே அவை உள்ளன. அந்நூல்கள் இன்று வாழும் இடம் வேறொருவர் நூலின் அடைப்புக்குள்ளேதான். அவ்வடைப்பை அழிக்கும் செயல், ஒருமுறை அழிந்து எஞ்சியதை மறுமுறையும் அழிக்கும் செயலாகும்.

5

எனவே செய்யவேண்டியது யாது? தட்டையான வரிசை தேடலுக்கும் எண்ணிக்கைக்கும் அகராதி ஆக்கத்துக்கும் இன்றியமையாதது. அதனை வெறுத்தொதுக்க வேண்டியதில்லை. உறுப்பைத் தட்டையாக்கும்போது அதன் முகவரியையும் உடன் அனுப்பவேண்டும் என்பதே வேண்டப்படுவது. தற்சுழற்சிச் செயற்கூறு உள்ளே இறங்குந்தோறும், தான் கடந்துவந்த வாயில்களின் பெயரை நினைவில் வைத்திருந்து, தனியுறுப்பை அடைந்தவுடன் அப்பெயர்களையும் அதனோடு சேர்த்து எழுதுமாறு அமைத்தல் ஓரிரு வரி வேலை. வெற்றிடத்தைக் கண்டால் அதற்கும் ஒரு முகவரியெழுதி வைத்தல் இன்னொரு வரி. அப்போது வரிசையும் கிடைக்கும், அமைப்பும் மீளும்.

இது புதிய கண்டுபிடிப்புமன்று. 1970இல் எட்கார் கொட் உறவுசார் தரவு மாதிரியை முன்வைத்தபோது, உட்பொதிந்த அட்டவணைகளைத் தட்டையாக்கும் முறையையும் வகுத்தார். தாய் அட்டவணையின் அடையாளத் திறவுகோலைச் சேய் அட்டவணையின் ஒவ்வொரு வரிசைக்கும் கொண்டுசெல்லவேண்டும் என்பது அம்முறையின் இன்றியமையாத பகுதி. திறவுகோலை விட்டுவிட்டு அட்டவணையை மட்டும் பிரித்தெடுத்தல் அவர் கூறிய முறையன்று. அவருக்குப் பன்னூறாண்டுகள் முன்னரே புறநானூற்றைத் தொகுத்தளித்தோர் மரபிலும் இதனைக் காணலாம். வெவ்வேறு காலத்தவரும் இடத்தவருமான புலவரின் பாடல்கள் அங்கே 400 என ஒரே வரிசையில் நிற்கின்றன. ஆனால் பாடலின் கீழே திணை, துறை, பாடியவர், பாடப்பட்டோர் என்னும் குறிப்புகள் இணைந்துள்ளன. சிதைந்தன போக எஞ்சியவை அவ்வாறே கிடைத்துள்ளன. அக்குறிப்புகளை நீக்கிவிட்டால் சங்ககால அரசியல் வரலாற்றில் எஞ்சுவது எவ்வளவு?

இவ்விடத்தில் மூன்றாவது கருத்தும் தானே தகர்ந்துவிடுகின்றது. தற்சுழற்சிச் செயற்கூறு எங்கே நிற்கவேண்டும்? தனியுறுப்பு என்பது எது? இதனை இயந்திரம் அறியாது. பைதன் மொழியில் எழுத்துத் தொடரின் ஒவ்வோர் உறுப்பும் மீண்டும் ஓர் எழுத்துத் தொடரே. ஆதலால் நிறுத்தவேண்டிய இடத்தைக் குறிக்காது எழுதிய செயற்கூறு ஒரே எழுத்துக்குள் மீண்டும் மீண்டும் இறங்கி, இறுதியில் பிழை கூறி ஓயும். தமிழில் இடர்ப்பாடு இன்னும் ஒருபடி மிகும். தமிழ் என்பது மூன்றெழுத்துச் சொல் என்பதைச் சிறுவரும் அறிவர். 1991இல் வெளிவந்த யுனிக்கோட் முறையிலே அது ஐந்து குறியீடுகளாகச் சேமிக்கப்படுகின்றது. மகரமும் இகரக் குறியும் வெவ்வேறு. ழகரமும் புள்ளியும் வெவ்வேறு. குறியீடே தனியுறுப்பு எனக் கருதிய செய்நிரல் ஐந்தென்று கூறும். தமிழிலக்கணம் மூன்றென்று கூறும். எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை எனச் செய்யுளுறுப்புகளை வகுத்துக்காட்டிய மரபுக்கன்றி, வேறு யாருக்கு இதில் தீர்ப்புக் கூறும் உரிமையுண்டு? யாப்பாராய்ச்சிக்குச் சீர் தனியுறுப்பு. சொல்லாராய்ச்சிக்குச் சொல் தனியுறுப்பு. பாடபேத ஆராய்ச்சிக்கு எழுத்துத் தனியுறுப்பு. எதற்கு எது என்பதைத் தீர்மானிப்பது செய்நிரலின் நடுநாயகமான முடிவு. அம்முடிவைத் தமிழறியாத செய்நிரலாளரிடம் ஒப்படைத்துவிட்டு, பின்னர் கோப்புகள் பிழையாக உள்ளனவென்று முறையிடுவதில் நேர்மையில்லை.

1998ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இலிருந்து இலங்கைத் தமிழ் ஆவணங்களைத் திரட்டிவரும் நூலகம் மின்னூலகமும் தன்னார்வலர் உழைப்பினால் அரும்பணி ஆற்றியுள்ளன. நூல்களைக் காப்பாற்றிக் கையிற் சேர்ப்பித்தது அவற்றின் முதற்கட்டப் பணி. அடுத்த கட்டம் பல்கலைக்கழகங்களுக்குரியது. பனுவலின் உட்பொதிவைக் குறித்துவைப்பதற்கான பொது விதிகள் 1987இல் தொடங்கிய உரைக் குறியேற்ற முயற்சியின் வழியாக ஏற்கெனவே உருவாகியுள்ளன. செய்யுளுக்குள் அடி, உரைக்குள் மேற்கோள், மேற்கோளுக்குள் மேற்கோள் என எத்தனை ஆழத்துக்கும் அவை இடமளிக்கின்றன. கருவி இருக்கின்றது. அதனைக் கையாளத் தமிழறிவும் தற்சுழற்சியறிவும் ஒருவரிடத்தே கூடவேண்டும். இன்று இவை இரண்டும் இரண்டு பீடங்களில், ஒன்றையொன்று காணாது இருக்கின்றன.

ஆகவே கலைப்பீடத்துத் தமிழ்ச் சிறப்புக்கலை மாணவருக்குச் செய்நிரலாக்கம் கற்பிக்கப்படல் வேண்டும். அதுவும் கடிதம் தட்டச்சுச் செய்யும் பயிற்சியாக அன்றி, உட்பொதிந்த பனுவலைத் தற்சுழற்சியாற் கையாளும் பயிற்சியாக அமைதல் வேண்டும். பதிப்பியல் கற்பிக்கும் விரிவுரையாளர் ஓலைச்சுவடியோடு கோப்பையும் பாடப்பொருளாகக் கொள்ளுதல் வேண்டும். தமிழ்ப் பனுவலைக் கணினிக்கு ஏற்றும் எந்த ஆய்வுத் திட்டமும், முகவரி இணைக்கப்படாத தட்டைக் கோப்பை முடிந்த பணியாக ஒப்படைப்பதை ஏற்றுக்கொள்ளலாகாது.

தாமோதரம்பிள்ளையும் சாமிநாதையரும் தட்டையான ஏட்டிலிருந்து நூலை மீட்டனர். அவர்களுக்குப் பின்வந்தோர் அந்நூலை மீண்டும் தட்டையாக்கி வைப்பாராயின், அதனை மறுபடி மீட்பதற்கு இன்னொரு நூறாண்டு தேவைப்படலாம். அதற்குரிய சுவடிகள் அன்று எஞ்சியிருக்கும் என்பதற்கு எவரும் உறுதிகூற முடியாது.